விசைப்பலகையும் பாடபேதமும்: தவறி அழுந்தும் விசைகள் பற்றிய ஒரு நோக்கு

1

பாடபேதம் என்றதும் தமிழாராய்ச்சியாளருக்கு ஏட்டுச் சுவடிகளே நினைவுக்கு வருகின்றன. செல்லரித்த ஓலை, எழுதுவோன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் பழிச்சொல், ஒரே செய்யுளுக்குப் பிரதிதோறும் வேறுபடும் சொற்கள் ஆகியன பற்றிய ஆராய்ச்சி நம்மிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது. ஆயின் இன்று நாம் படிக்கும் பனுவல்களில் மிகப் பெரும்பாலானவை ஓலையிலிருந்தோ ஈய எழுத்திலிருந்தோ நேராக வந்தவையல்ல. கணினி விசைப்பலகையின் வழி வந்தவை. அவ்வாறிருக்க, விசைப்பலகை தோற்றுவிக்கும் பாடபேதத்தை ஆராயும் முயற்சி நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. “தட்டச்சுப் பிழை” என்ற ஒரு தொடரோடு அதனை ஒதுக்கிவிடுகின்றோம். அத்தொடர் பிழையின் காரணத்தை விளக்குவதில்லை. பிழைக்கு ஒருவரைப் பொறுப்பாளியாக்குவதோடு அமைந்துவிடுகின்றது. பெரும்பாலும் அவர் கூலிக்குத் தட்டச்சிடும் ஒரு பெண்.

விரும்பாத விசை தவறுதலாக அழுந்துவதும், அதனைத் தடுப்பதற்கான வழிகளும் பொறியியலாளர்க்குரிய சிறு நுட்பங்களே, இலக்கியத் திறனாய்வுக்கு அவற்றோடு தொடர்பில்லை எனச் சிலர் கருதலாம். இக்கருத்து ஏற்புடையதன்று. எழுத்து எக்கருவியால் உற்பத்தி செய்யப்படுகின்றதோ அக்கருவியின் இயல்பு எழுத்திற் பதிகின்றது. பிழைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் சுமை யார்மீது விழுகின்றது என்பதில் ஒரு சமூகவியல் உண்டு. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஒவ்வொரு எழுத்துற்பத்தி முறைமைக்கும் அதற்கேயுரிய பிழைகள் உள. ஓலையில் எழுத்தாணி கொண்டு புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் மெய்யெழுத்துக்குரிய புள்ளியை ஏடெழுதுவோர் பெரும்பாலும் இடாது விட்டனர். மெய்யும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், நடைமுறையிலே குறில் எது நெடில் எது என்பது படிப்பவரின் ஊகத்துக்கே விடப்பட்டது. கால் குறியும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவங் காட்டிய பின்னரே அம்மயக்கம் படிப்படியாக நீங்கலாயிற்று. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் பணியை நாம் போற்றுவது அவர்கள் ஏடு தேடி அலைந்தமைக்காக மட்டுமன்று. ஓலை என்னும் கருவி எங்கெங்கே வழுவும் என்பதை அறிந்து, அவ்வறிவைக் கொண்டு பாடத்தை மீட்டமைக்காகவுமாம்.

அச்சு வந்தபோது பிழையின் இயல்பு மாறிற்று. அச்சுக் கோப்பாளர் எழுத்துகளைப் பெட்டியின் அறைகளிலிருந்து எடுத்துக் கோத்தார். அச்சிட்டபின் அவற்றைக் கலைத்து மீண்டும் அறைகளில் இட்டார். கலைக்கும்போது ஓர் எழுத்து அயலறையில் விழுந்துவிட்டால், அடுத்த நூலில் அது தவறான இடத்தில் வந்து நிற்கும். இங்குப் பிழை கையெழுத்தால் நேர்வதன்று. அறைகளின் அடுக்கினால் நேர்வது. ஆயினும் அச்சகத்தில் ஒப்புநோக்கர் என்றொருவர் இருந்தார். பிழை நேரும் என்பதை ஏற்று, அதனைக் களைவதற்கென ஊதியம் வழங்கி ஒருவரை அமர்த்திய ஏற்பாடு அது. இது மனங்கொள்ளத்தக்கது. கணினி வந்ததும் செலவுக் குறைப்பின் பெயரால் முதலில் மறைந்த தொழில்களுள் ஒப்புநோக்கலும் ஒன்றாகும்.

3

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரலாற்றில் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவிற் பணியாற்றிய ஆர். முத்தையாவின் இடம் தலையாயது. 247 எழுத்துகளை ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்த ஒரு பொறியின் சில டசின் விசைகளுள் அடக்குவது அவர் முன்னிருந்த சிக்கல். புள்ளி போன்ற குறிகளுக்குத் தாளேந்தியை நகர்த்தாத விசைகள் பயன்பட்டன. உகர உயிர்மெய்களுக்கோ வேறு வழி வேண்டியிருந்தது. கு, து, மு என்பன ஒவ்வொன்றும் தனி வடிவுடையன. ஒரு குறியை ஒட்டி அவற்றை ஆக்க இயலாது. ஆகவே அவை மேல்தளத்தில், அதாவது ஷிப்ட் விசையுடன் அழுத்தும் இடத்தில் அமர்ந்தன. கீழ்த்தளத்தில் க இருக்கும் விசையின் மேல்தளத்தில் கு. த இருக்கும் விசையில் து. ம இருக்கும் விசையில் மு. இது குறுகிய இடத்தில் ஒரு மொழியைக் குடியமர்த்திய சிறந்த தீர்வு என்பதில் ஐயமில்லை.

பின்னாளில் இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இவ்வமைப்பையே பெருமளவு தழுவிக்கொண்டது. யகரத்தில் தொடங்கி ய, ள, ன, க, ப எனச் செல்லும் நடுவரிசை பொறியிலிருந்து கணினிக்கு அப்படியே பெயர்ந்தது. ஆனால் பொறியில் இருந்த ஒன்று பெயரவில்லை. அது விசையின் எடை. ஷிப்ட் விசை 1878இல் வெளிவந்த ரெமிங்ரன் இரண்டாம் பொறியோடு பரவிய ஒன்று. பொறியின் கனத்த பகுதியொன்றையே அது நகர்த்தியமையால் சிறுவிரலுக்கு உழைப்பு மிகுந்தது. அவ்வுழைப்பைத் தவிர்க்கவே ஷிப்டைப் பூட்டி வைக்கும் விசை எழுந்தது. பூட்டப்பட்ட விசை தாழ்ந்தே நிற்கும். அதனைக் கண் காணும், விரலும் உணரும்.

கணினியில் நகர்த்துவதற்குக் கனத்த பகுதி எதுவுமில்லை. எனினும் பூட்டு எஞ்சியது. கப்ஸ் லொக் என்று பெயர் பெற்றது. அழுத்தியதும் அவ்விசை மேலெழுந்துவிடும். பூட்டியிருக்கின்றதா என்பதைப் பலகையின் வேறொரு மூலையில் உள்ள சிறு விளக்கே சொல்லும். இன்னுமொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1981இல் ஐ.பி.எம். தனியாள் கணினியோடு வந்த 83 விசைப் பலகையில் கப்ஸ் லொக் கீழ்வரிசையில், இடைவெளிப் பட்டைக்கு வலப்புறத்தே ஒதுங்கி இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் வந்த 101 விசைப் பலகையில் அது நடுவரிசையின் இடக்கோடிக்கு, இடது சிறுவிரலின் அருகே வந்து அமர்ந்தது. தமிழ்த் தட்டச்சில் அது யகரத்தின் அயல். இதனை எந்தத் தட்டச்சாளரும் தேர்ந்தெடுக்கவில்லை.

இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆள்வது பற்றி மார்க்ஸ் இயந்திரத் தொழிலை ஆராயுமிடத்து விளக்கினார். கப்ஸ் லொக் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இரும்பின் கனத்துக்கு விடையாகத் தோன்றிய ஒரு விசை, அக்கனம் நீங்கிய பின்னும், அதனைக் கண்டிராத ஒருவரின் விரலுக்குக் கீழே காத்திருக்கின்றது.

4

விசைப்பலகைப் பிழைகளைப் பாடவியல் நோக்கில் நான்காக வகுக்கலாம்.

முதலாவது, அயல்விசைப் பிழை. விரல் பக்கத்து விசையில் விழுவதால் நேர்வது. பாமினி அமைப்பில் தகரமும் மகரமும் அருகருகே உள்ளன. “தலை” என எழுத முனைபவர் “மலை” என எழுதிவிடலாம். “தந்தையின் பெயர்” என்பது “மந்தையின் பெயர்” ஆகலாம். இரண்டும் தமிழிற் பொருளுடைய சொற்கள். ஆகவே சொற்பிழை காட்டும் மென்பொருள் எதுவும் இதனைச் சுட்டாது.

இரண்டாவது, தளப் பிழை. ஷிப்ட் அழுந்தக் கூடாத இடத்தில் அழுந்துவதாலோ, கப்ஸ் லொக் தெரியாமல் விழுந்துவிடுவதாலோ ஏற்படுவது. இங்கேதான் தமிழின் நிலை ஆங்கிலத்தினின்றும் அடிப்படையில் வேறுபடுகின்றது. ஆங்கிலத்தில் இப்பிழை நேர்ந்தால் எழுத்தின் உருவம் பெரிதாகும். எழுத்து மாறாது, சொல்லும் மாறாது. தமிழிலோ எழுத்தே மாறுகின்றது. மன்னார் முன்னார் ஆகின்றது. மட்டக்களப்பு முட்டக்களப்பு ஆகின்றது. மாத்தளையின் முதலெழுத்தில் இது நேர்ந்தால் முகரத்தின்மேற் கால் ஏறி, தமிழில் இல்லாத ஓர் ஒலிவடிவம் பிறக்கின்றது. கப்ஸ் லொக் விழுந்த நிலையில் ஏகாரக் கொம்புக்காக ஷிப்டை அழுத்தினால் எகரக் கொம்பு வருகின்றது. வீரமாமுனிவர் நீக்க முயன்ற குறில்–நெடில் மயக்கத்தை ஒரு விசை மீட்டுக்கொண்டு வந்துவிடுகின்றது.

மூன்றாவது, நிலைப் பிழை. விசைப்பலகை எம்மொழியில், எந்நிலையில் இருக்கின்றது என்பதை அறியாமல் தட்டுவதால் நேர்வது. விண்டோஸ் இயங்குதளத்தில் இடப்புற ஓல்ற் விசையும் ஷிப்டும் ஒருங்கே அழுந்தினால் உள்ளீட்டு மொழி மாறிவிடக்கூடும். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கணினியிற் கையாளப்படும் நமது அலுவலகங்களில், கையெழுத்துப் பிரதியை நோக்கியபடி தட்டுபவர் திரையை நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு பந்தியே வேறு மொழி எழுத்துகளில் நிற்கும். மனிதரின் செயல் வழுக்களை வகைப்படுத்தி 1981இல் எழுதிய டொனால்ட் நோர்மன், இத்தகைய பிழையை ஆளின் குறையாகக் கொள்ளாது அமைப்பின் குறையாகவே கண்டார். தன் நிலையைப் பயனருக்குத் தெளிவாக உணர்த்தாத கருவி பிழையைத் தானே அழைக்கின்றது என்பதே அவ்வாய்வின் சாரம்.

நான்காவது, தானியங்கிப் பிழை. விரல் தவறாத இடத்திலும் மென்பொருள் தவறிழைப்பது. வேர்ட் போன்ற மென்பொருள்கள் வாக்கியத்தின் முதலெழுத்தை ஆங்கிலப் பேரெழுத்தாக்குகின்றன. பாமினி தமிழ் வேடம் பூண்ட உரோம எழுத்தே ஆதலின், அம்மென்பொருள் அதனை ஆங்கிலம் என்றே கொள்கின்றது. வாக்கியத் தொடக்கத்தில் “தமிழ்” என்று சரியாகவே தட்டியவருக்கும் “துமிழ்” என்று வந்து நிற்பது இதனாலேயே. தவறி விழுந்த கப்ஸ் லொக்கைத் தானே திருத்தும் ஏற்பாடும் அதே மென்பொருளில் உண்டு. ஆயின் அது ஆங்கிலச் சொல்லின் பேரெழுத்து–சிற்றெழுத்து வடிவத்தை மட்டுமே அறியும். ஆங்கிலத்தைக் காப்பதற்கென வைத்த காவல் தமிழுக்குக் காவலாவதில்லை. சிலவேளை அதுவே கள்வனாகின்றது.

5

இப்பிழைகளை வாசகர் தாமே திருத்திப் படித்துக்கொள்வர் எனச் சொல்லப்படுவதுண்டு. “துமிழ்” என்பதைத் தமிழ் எனப் படிக்காதவர் யார் என்று கேட்கலாம். பொதுச் சொற்களைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மை. ஆயின் பெயர்ச்சொல்லில், குறிப்பாக இடப்பெயரிலும் ஆட்பெயரிலும், இது பொய்த்துப்போகின்றது. வாக்கியப் பொருளைக் கொண்டு பெயரை மீட்க முடியாது என்பது பாடவியலின் பழைய பாடம். ஏட்டுப் பிரதிகளிலும் பெரிதும் சிதைந்தவை பெயர்களே.

பல்லேகம என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்து, லக்கலை–பல்லேகம பிரதேச செயலாளர் பிரிவில் உள்ளது இது. சிங்களத்தில் “கீழ் ஊர்” என்பது அதன் பொருள். சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. தமிழ் வாசகரிற் பலருக்கு இப்பெயர் பழக்கமானதன்று. எழுத்தில் மட்டுமே காண்பர். இதனைப் பாமினியில் எழுதுகையில் முதலெழுத்தில் ஷிப்ட் தவறி அழுந்தினால் “புல்லேகம” ஆகும். விரல் ஒரு விசை இடப்புறம் நகர்ந்தால் “கல்லேகம” ஆகும். கப்ஸ் லொக் விழுந்திருந்தால் ப, ல, க, ம யாவும் பு, லு, கு, மு எனத் திரிந்து, ஏகாரமும் குறுகி, சொல்லே அடையாளம் இழந்துவிடும். இறுதியது அபத்தமாதலின் எவரும் கண்டுபிடிப்பர். முதலிரண்டும் அபாயமானவை. புல்லேகம, கல்லேகம என்பன ஊர்ப்பெயர் போலவே ஒலிக்கின்றன. தமிழ் வாசகர் எவரும் ஐயுறமாட்டார். நம்பத்தக்க பிழையே நீண்ட ஆயுள் பெறுகின்றது.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இல் வந்த பதினாறாந் திருத்தம் மொழிப் பயன்பாட்டு உரிமைகளை விரித்தது. மாத்தளை போன்ற மாவட்டங்களில் நிருவாகம் பெரும்பாலும் சிங்களத்தில் நடைபெறினும், தமிழர் தம் மொழியிற் கடிதத் தொடர்பு கொள்ளவும் ஆவணம் பெறவும் சட்டம் வழி செய்தது. இவ்வுரிமை நீண்ட போராட்டத்தின் பேறு. ஆனால் அவ்வுரிமை நடைமுறையில் வந்து சேருமிடம் ஒரு விசைப்பலகை. அதில் தவறிய ஒரு விசை, சட்டம் தந்ததைச் சத்தமின்றிக் குறைத்துவிடுகின்றது. ஆவணம் தமிழில் உண்டு. ஆனால் அதிலுள்ள ஊர் உலகில் இல்லை.

இப்பகுதியின் அண்மைய வரலாறு இதன் கனத்தை மேலும் உணர்த்துகின்றது. மொரகஹகந்த–களுகங்கைத் திட்டம் 2007இல் தொடங்கப்பட்டது. களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டு லக்கலைப் பகுதியிற் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன. புதிய லக்கலை நகர் அமைக்கப்பட்டது. நிலம் நீருள் மறையுமிடத்து, அந்நிலம் இருந்தது என்பதற்குச் சான்றாக எஞ்சுவது ஆவணத்திலுள்ள பெயரே. சிங்கள உழவருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இது பொதுவான உண்மை. சிங்களத் தட்டச்சும் தனக்குரிய தளங்களையும் தனக்குரிய வழுக்களையும் கொண்டதே. ஆகவே இதனை இனப் பிரச்சினையாக மட்டும் காண்பது குறைநோக்காகும். எழுத்தினால் ஆளப்படுவோர் அனைவரதும் பிரச்சினை இது.

எனினும் மலையகத் தமிழ்த் தொழிலாளர்க்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. மாத்தளை மாவட்டத் தோட்டங்களிலும் பிற மாவட்டங்களிலும் அவர்தம் பெயர்கள் நெடுங்காலம் பிறர் எழுதிய பெயர்களாகவே இருந்தன. தோட்டத்துச் செக்ரோலில் ஒருவிதமாகவும், பிறப்புப் பதிவில் வேறொருவிதமாகவும் அவை நின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பின், தந்தையின் பெயரும் பிறந்த இடமும் ஒரு மனிதன் நாட்டுக்குரியவனா என்பதைத் தீர்மானிக்கும் சான்றுகளாயின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்ற நிலையை நீக்க வழி செய்தது. ஆயினும் ஓய்வூதியம், சேமலாப நிதி, அடையாள அட்டை, பாடசாலை அனுமதி என ஒவ்வொரு வாயிலிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவரும் பெயர் வேண்டப்படுகின்றது. வசதியுள்ளவருக்குப் பெயர்ப் பிழை ஒரு நாட் சோலி; சட்டத்தரணியும் சத்தியக்கடதாசியும் அதனைத் தீர்த்துவிடும். நாட்கூலி பெறுபவருக்கோ ஒவ்வொரு திருத்தமும் இழந்த ஒரு நாட்சம்பளம், ஒரு பஸ் பயணம், மீண்டும் வரச் சொல்லும் ஒரு பதில். விசை தவறுவது யாருக்கும் நேரலாம். அதன் விலையை எல்லோரும் ஒரே அளவில் செலுத்துவதில்லை.

6

பிழைக்கு நிவாரணமாக வழக்கமாகக் கூறப்படுவது “கவனமாகத் தட்டுக” என்ற அறிவுரை. இது தனிமனிதவாத நோக்கின் வெளிப்பாடு. தட்டச்சுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு எனக் கூலி வழங்கப்படுமிடத்து வேகமே வருவாய். திருத்தத்துக்குச் செலவிடும் நேரத்துக்குக் கூலியில்லை. கூறுவிலைக் கூலி உழைப்பின் தீவிரத்தைத் தொழிலாளி தானாகவே உயர்த்திக்கொள்ளச் செய்யும் என்று மார்க்ஸ் காட்டினார். வேகத்துக்குக் கூலி கொடுத்துவிட்டுக் கவனத்தை இலவசமாக எதிர்பார்ப்பது நியாயமன்று.

இதற்கு மறுதலையாக, பழைய விசையமைப்பையே கைவிட்டால் எல்லாம் தீரும் என்போரும் உளர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழி உருவாகி, அவ்வாண்டே தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்ற தமிழ்99 அமைப்பை அவர்கள் முன்வைக்கின்றனர். அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைகின்றன. கு, து, மு என்பவற்றுக்குத் தனி விசை இல்லை. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். தமிழ் எழுத்துகளுக்கு ஷிப்ட் வேண்டியதில்லை. கிரந்த எழுத்துகளுக்கே அது பயன்படுகின்றது. ஆகவே தளப் பிழை பெரும்பாலும் ஒழிகின்றது. எழுத்தின் இலக்கணத்தைக் கருவியின் இலக்கணமாக்கிய முயற்சி அது.

ஆயின் முரண்பாடு நீங்கிவிடவில்லை, இடம் மாறியிருக்கின்றது. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலதற்குப் புள்ளியைத் தானே இடுவது தமிழ்99இன் விதி. “அம்மா” என எழுத இது வசதி. ஆனால் “ததும்பு” என எழுத முனைபவருக்கு முதலெழுத்திற் புள்ளி ஏறிவிடும். வவுனியா என்னும் நகரின் பெயரும் அவ்வாறே “வ்வுனியா” எனத் தொடங்கும். இடையில் அகர விசையை அழுத்தி இதனைத் தடுக்கலாம். எனினும் அதனை நினைவிற் கொள்ளவேண்டியவர் மீண்டும் தட்டச்சாளரே. மேலும், பல்லாண்டு உழைப்பாற் பழைய அமைப்பை விரலிற் படியவைத்தவர்களின் திறனை ஓர் ஆணையால் செல்லாக்காசாக்குவது முற்போக்காகாது. இலங்கையில் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ் நியமம் வகுக்கப்பட்ட பின்னரும் பாமினிப் பழக்கம் நிலைத்திருப்பது இதனாலேயே.

ஆகவே தேவைப்படுவது ஒரு விசையமைப்பின் வெற்றியன்று. எவ்விசையமைப்பாயினும் பிழையைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடே வேண்டும். அதற்கான வழிகள் பல ஏற்கெனவே கைவசம் உள்ளன. வறிய நாடுகளின் பிள்ளைகளுக்கென வடிவமைக்கப்பட்ட எக்ஸ்.ஓ. மடிக்கணினியில் கப்ஸ் லொக் வைக்கப்படவில்லை. 2010இல் கூகுள் வெளியிட்ட சோதனை மடிக்கணினியில் அவ்விடத்தைத் தேடல் விசை பெற்றது. அப்பிள் நிறுவனம், கணநேரத் தொடுகையைக் கப்ஸ் லொக் ஏற்காதவாறு ஒரு சிறு தாமதத்தைத் தன் பலகைகளிற் சேர்த்தது. விண்டோஸில் கப்ஸ் லொக் விழும்போது ஒலியெழுப்பச் செய்யலாம். கணநேரம் மட்டும் அழுந்திய விசையைப் புறக்கணிக்கச் செய்யலாம். விசையொன்றைச் செயலிழக்கச் செய்யவும் வேறு பணிக்கு மாற்றவும் இலவசக் கருவிகள் உள. மொழி மாற்றும் குறுக்கு விசையை நீக்கிவிடலாம். பாமினியிற் பணிபுரியும் கணினிகளில் வாக்கிய முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டால் “துமிழ்” என்ற சொல் பெரும்பாலும் மறைந்துவிடும். இவற்றுக்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. ஒவ்வோர் அலுவலகக் கணினிக்கும் சில நிமிட வேலையே. தட்டச்சாளருக்கு அவ்வதிகாரம் பெரும்பாலும் இல்லை என்பதே தடை. கருவியைப் பயன்படுத்துபவருக்குக் கருவியின் அமைப்பை மாற்றும் உரிமை இல்லை. அந்நியமாதல் என நாம் கோட்பாட்டளவிற் பேசுவது இங்கே விரலளவில் நிகழ்கின்றது.

நுட்பத் தடுப்புகளுக்கு அப்பால் நிறுவன ஏற்பாடுகள் இரண்டு இன்றியமையாதன. ஒன்று, அச்சகக் காலத்தில் இருந்த ஒப்புநோக்கலை ஊதியத்துடன் மீட்பது. இருவர் அமர்ந்து, ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க மற்றவர் திரையிற் சரிபார்க்கும் முறை தந்தை–மந்தைப் பிழையைப் பிடிக்கும். எந்தச் சொற்பிழை காட்டியும் அதனைப் பிடியாது. மற்றது, ஆவணம் கையொப்பம் பெறுமுன் பெயருக்குரியவர் தம் பெயரையும் ஊரையும் தம் மொழியிற் கண்டோ, வாசிக்கக் கேட்டோ உறுதிசெய்யும் உரிமை. எழுத்தறியாதவருக்கும் காதுண்டு.

7

இறுதியாக, இது நம் ஆராய்ச்சித் துறையையும் நேரடியாகத் தொடும் விடயமாகும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகியன தமிழ்ப் பனுவல்களை மின்வடிவிற் காத்துவருகின்றன. பழைய எழுத்துருக்களிற் தட்டச்சிட்ட பனுவல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்படுகையில், மாற்றி என்னும் மென்பொருள் பிழையையும் நேர்மையாகவே மாற்றித் தருகின்றது. முகரத்தின்மேற் கால் ஏறிய “மாத்தளை”யை ஒருவர் கண்ணாற் கண்டால் திருத்திப் படிப்பார்; தேடுபொறி திருத்தாது. தேடலில் அகப்படாத சொல், ஆய்வாளனைப் பொறுத்தவரை எழுதப்படாத சொல்லே. ஓலையிற் செல்லரித்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே சிதைவு தெரியாமலே பாடம் தொலைகின்றது.

ஆகையால், மின்பனுவலைப் பதிப்பிப்போர் அது எவ்விசையமைப்பில், எவ்வெழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது என்பதை முன்னுரையிற் குறிப்பது வழக்காதல் வேண்டும். ஏட்டின் வரலாறு கூறாத பதிப்பை நாம் ஏற்பதில்லை; விசையின் வரலாறு கூறாத பதிப்பையும் அவ்வாறே நோக்குதல் தகும். பாமினியிற் தட்டியது என அறிந்தால், “முன்னார்” என்பதன் பின்னால் மன்னாரையும் “கல்லேகம” என்பதன் பின்னால் பல்லேகமவையும் ஐயுற்றுத் தேட வழி பிறக்கும். தாமோதரம்பிள்ளை தலைமுறை ஓலையின் வழுக்களை அறிந்திருந்தது போல, நம் தலைமுறை விசையின் வழுக்களை அறிந்திருத்தல் கடன்.

தவறி அழுந்திய விசையை மனிதக் குறையாகக் கண்டு மன்னிப்பதும் கண்டிப்பதும் எளிது. அவ்விசை ஏன் அங்கே இருக்கின்றது, யார் வைத்தது, தவறினால் யார் இழக்கின்றார் எனக் கேட்பதே திறனாய்வாளனின் பணி. இக்கேள்விகளுக்கு விடை காணுமிடத்துத் தட்டச்சாளர் குற்றவாளிக் கூண்டிலிருந்து விடுபடுவார். தோட்டத் தொழிலாளியின் பெயரும் பல்லேகம உழவரின் ஊரும் ஆவணத்திற் சரியாக நிற்கும்.